ஐந்து வாரக் கோப்பும் பத்து நிமிடக் கடலும்

திருகோணமலையில் மகளிர் விடுதி ஒன்றில் வெளிக்களச் செயற்பாடுகளுக்குப் பொறுப்பாசிரியையாக இவ்வாண்டுதான் நியமிக்கப்பட்டேன். மைதானத்தில் கூடாரம் அடிப்பதிலும், கயிற்று முடிச்சுகள் பழக்குவதிலும், பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை பிள்ளைகளை நடத்திச் செல்வதிலும் சொல்லும்படியான தொல்லை எதுவும் இருக்கவில்லை. தொல்லை முழுவதும், 34 பிள்ளைகளை நிலாவெளிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து படகில் புறாத்தீவைக் காட்டுவோம் என்று நான் ஆசைப்பட்ட நாளில் தொடங்கியது.

வாடைக்காற்றுக் காலத்தில் நமது கடலில் பிள்ளைகளை ஏற்ற முடியாது என்பதால், வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையிலேயே போய்வர வேண்டும். அந்த மாதங்களிலும் கச்சான் காற்று ஓங்கும் நாட்களைத் தவிர்க்க வேண்டும். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோர நீர் அமைதியாகத் தெரிந்தாலும், மிதப்பவரை அது வெளியேதான் தள்ளும். ஆகவே கோப்பை ஆனி முதல் வாரத்திலேயே அனுமதி வழங்கும் பணிமனையில் ஒப்படைத்தேன். அது ஐந்து வாரம் அங்கேயே கிடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முதல் முறை கோப்பு திரும்பியதற்குக் காரணம், சம்மதக் கடிதங்களில் விடுதி மேற்பார்வையாளர் ஒப்பமிட்டிருந்தது. வீட்டிலிருந்து வரும் மாணவிக்குச் சம்மதக் கடிதம் ஒரே இரவில் வந்துவிடும். விடுதிப் பிள்ளைகளின் பெற்றோரோ வெருகல், ஈச்சிலம்பற்று, தென்னமரவாடி என்று மாவட்டத்தின் இரு முனைகளிலும் இருக்கிறார்கள். சில தந்தையர் மீன்பிடிப் பருவத்துக்கு, மீனவர்கள் கரையில் தற்காலிகமாகத் தங்கும் வாடிக்குப் போய்விட்டார்கள். தெரிந்த பஸ் நடத்துநர்களிடம் கடிதங்களைக் கொடுத்தனுப்பி, திரும்பி வந்தவற்றை எண்ணி, வராதவர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்டியே இரண்டு வாரம் கழிந்தது. விடுதியில் இந்தப் பொறுப்பை ஏற்பவர்கள் முதல் பெற்றோர் தினத்திலேயே ஒப்பம், உறவுமுறை, தொலைபேசி இலக்கம், பிள்ளைக்குள்ள நோய் ஆகிய நான்கையும் ஒரே தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை, பஸ்ஸின் காப்புறுதி நாங்கள் புறப்படும் நாளுக்கு முதல் நாள் முடிவடைகிறது என்று கண்டுபிடித்தார்கள். அது நியாயமான கண்டுபிடிப்பு என்பதால் அதில் எனக்குக் குறையில்லை. மூன்றாம் முறைதான் மனம் கசந்துபோனது. தரம் 6 மாணவி ஒருத்தியின் தாயார் குவைத்தில் வேலை செய்கிறார்; தந்தை இல்லை; அம்மம்மாதான் வளர்க்கிறார். “அம்மம்மாவின் கையெழுத்து செல்லாது, டீச்சர். தாயின் கடிதம் வேண்டும்” என்று எழுதுவினைஞர் கோப்பிலிருந்து தலை தூக்காமலே சொன்னார். குவைத்திலிருந்து கடிதம் எப்போது வரும் என்று கேட்டதற்கு, அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாமே என்று வழியும் காட்டினார். வெளியே வந்து, வேப்பமர நிழலில் சிறிது நேரம் நின்றுவிட்டு, அந்த அம்மம்மாவை அழைத்தேன். மூன்றாம் நாள் அவர் தமது கிராம அலுவலரிடம், பிள்ளையின் பாதுகாவலர் தாமே என்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தை எழுதுவித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி விடுதி வாசலுக்கே வந்துவிட்டார். அதைக் கோப்பில் சேர்த்த அன்றே அனுமதி கிடைத்தது. இப்படி ஒரு கடிதம் போதும் என்பதை முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் என்ன?

ஆடி மாதச் சனிக்கிழமை ஒன்றில் அதிகாலையிலேயே நிலாவெளிக் கரையில் இறங்கினோம். நுழைவுச்சீட்டு, படகு, காற்று எல்லாம் ஒத்துழைத்தன.

ஒத்துழைக்காதது உயிர்காப்பு அங்கி. இரண்டு வாரத்துக்கு முன்பே வந்து படகோட்டிகளிடம் அங்கிகளை எண்ணியிருந்தேன், நாற்பது இருந்தன. எண்ணினேனே தவிர, அளவைப் பார்க்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அங்கியைப் பூட்டி, தோள்ப்பட்டிகளைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுக்கு மேல் ஏறியது. அப்படி ஏறும் அங்கி நீரில் பிள்ளையை விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதக்கும். தொடைகளுக்கிடையே பூட்டும் பட்டி எதிலும் இல்லை. “பத்து நிமிடத் தூரம்தானே டீச்சர், நான் பார்த்துக்கொள்ளுகிறேன்” என்றார் படகோட்டி. நல்ல மனிதர், ஆனாலும் மறுத்துவிட்டேன். தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான் என்றாலும், இடையில் இருப்பது கடல். கரையோரத்தில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் நீச்சல் தெரியும் என்று நம்புவதும் பிழை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை. ஐந்து வாரம் என்னை அலையவிட்ட கோப்பில் அங்கியின் அளவைப் பற்றி ஒரு கேள்விகூட இருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

தரம் 6 பிள்ளைகள் ஆறு பேரையும் ஓர் ஆசிரியையோடு கரையில் இருத்திவிட்டு மற்றவர்களை அழைத்துச் சென்றேன். மற்றவர்கள் பவளப்பாறைகளையும், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களையும் கண்டு மகிழ்ந்து திரும்பினார்கள். கரையில் மணல் கோபுரம் கட்டிக்கொண்டிருந்த ஆறு பேரில், அம்மம்மாவின் கடிதத்தோடு வந்த பிள்ளையும் ஒருத்தி. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அந்த ஆறு பேரையும் கன்னியா வெந்நீரூற்றுக்காவது அழைத்துச் செல்வதாக வாக்களித்து, மறுவாரமே புதிய கோப்பு எழுதினேன். அதே எழுதுவினைஞர் ஆறு கடிதங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தில் புறாத்தீவு என்று மட்டுமே எழுதியிருப்பதால் அவற்றை மாற்றிக்கொண்டு வரும்படி சொன்னார். ஆறாவது கடிதத்தில் அந்தக் கிராம அலுவலர், “பாடசாலை ஒழுங்குசெய்யும் எல்லாப் பயணங்களுக்கும்” என்று எழுதியிருந்தார். “இந்த அம்மம்மாவின் கடிதம் மட்டும் சரி, டீச்சர்” என்றார்.