லிப்வெப்பி ஓட்டை: குரோமை அப்டேட் செய்தால் போதுமா?

2023 செப்டம்பரில் குரோமுக்கு ஓர் அவசர அப்டேட் வந்தது. வெப்பி (WebP) என்ற கூகுளின் பட வடிவத்தைப் படிக்கும் இடத்தில் மெமரி ஓட்டை, அதை யாரோ ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கூகுள் சொன்னது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-4863 என்று எண் கொடுத்து, குரோமின் பிழை என்று பதிவும் செய்தார்கள். எல்லோரும் உலாவியை மூடித் திறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது அந்தப் பதிவுதான். ஓட்டை உண்மையில் இருந்தது குரோமில் அல்ல, வெப்பி படங்களைப் பிரிக்கும் லிப்வெப்பி என்ற சி மொழி லைப்ரரியில். அதைத் தன்னோடு வைத்திருக்காத மென்பொருளைத் தேடுவதுதான் கஷ்டம். வைத்திருப்பவை: ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள், அப்புறம் எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் கட்டிய சிக்னல், ஸ்லாக், டிஸ்கார்ட் மாதிரி டெஸ்க்டாப் செயலிகள். இந்தக் கடைசி வகையில் ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாக ஒரு குரோமியம் (குரோமின் அடிப்படை மென்பொருள்) உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் குரோமை அப்டேட் செய்தது அதற்குத் தெரியவே தெரியாது.

பிழை எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை. வெப்பியின் லாஸ்லெஸ் (தரம் குறையாத) வகையில் ஹஃப்மன் முறையில், அதாவது அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடு கொடுத்து, தரவைச் சுருக்குகிறார்கள்; அந்தக் குறியீடுகளின் அமைப்புதான் ஹஃப்மன் மரம். படத்தைப் பிரிக்கும்போது ஐந்து ஹஃப்மன் டேபிள்கள் கட்ட வேண்டும். அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, மெமரியை மொத்தமாக ஒதுக்கிவிட்டார்கள். கணக்கு சரிதான், யாரும் சோம்பேறித்தனமாகப் போட்டதில்லை. ஆனால் அது ஒழுங்காக அமைந்த ஹஃப்மன் மரத்துக்கு மட்டுமே பொருந்தும். கோப்பில் வந்தது ஒழுங்கான மரமா என்ற சோதனையோ டேபிளை எழுதி முடித்த பிறகுதான் நடந்தது! கோணலான மரத்தைக் கொடுத்தால், "இது செல்லாது" என்று சொல்வதற்கு முன்பே ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து மெமரியில் (ஹீப்பில்) எழுதிவிடும்.

இந்த லைப்ரரியைப் பல வருடம் ஃபஸ்ஸர்கள் (தாறுமாறான தரவைக் கொடுத்துப் பிழை தேடும் கருவிகள்) குடைந்துகொண்டுதான் இருந்தன. ஏன் மாட்டவில்லை என்றால், முதல் நான்கு டேபிள்களும் செல்லுபடியாகவும் வேண்டும், அதிகபட்ச அளவையும் தொட வேண்டும், ஐந்தாவது மட்டும் கெட்டுப்போக வேண்டும். குருட்டுத்தனமாக பைட்டுகளை மாற்றிப் பார்க்கும் கருவிக்கு அப்படி அமைவது நடக்காத காரியம். உட்கார்ந்து படித்து யோசித்த ஆளால் மட்டுமே செய்ய முடியும், அப்படிப்பட்ட ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க நிறுவனங்களும் இருக்கின்றன.

அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது: இந்த ஓட்டையைக் கூகுளிடம் செப்டம்பர் 6-ல் சொன்னவர்கள் ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும், உளவு மென்பொருள்களை ஆராயும் டொரன்டோவின் சிட்டிசன் லேபும். மறுநாளே ஆப்பிள் ஐஓஎஸ் 16.6.1-ஐ வெளியிட்டது, பயனர் எதையும் தொடாமலே ஐமெசேஜில் வரும் படம் வழியாக என்எஸ்ஓ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் உள்ளே நுழைந்ததை சிட்டிசன் லேப் அறிவித்தது. ஆப்பிள் தன் பக்கத்து ஓட்டைக்கு சிவிஇ-2023-41064 என்று வேறு எண் கொடுத்து, படங்களைப் படிக்கும் தன் இமேஜ்ஐஓவின் பிழை என்றது. இரண்டு நிறுவனங்கள், இரண்டு எண்கள், ஆரம்ப அறிவிப்பு எதிலும் லிப்வெப்பி என்ற பெயர் இல்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று வெளியில் இருந்த ஆய்வாளர்கள்தான் முடிச்சுப் போட்டார்கள். மாதக் கடைசியில் கூகுள் லிப்வெப்பிக்கென்றே சிவிஇ-2023-5129 என்று மூன்றாவது எண் வாங்கி, பத்துக்குப் பத்து தீவிரம் போட்டு, அது பழையதன் நகல் என்று ரத்தாகி... சரி, விடுங்கள்.

லிப்வெப்பி 1.3.2-ல் இது திருத்தப்பட்டது. பைத்தான்காரர்கள் கவனிக்க: படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரியை பிப் வழியாகப் போட்டால் அதன் வீல் (தயாராகக் கட்டிய தொகுப்பு) கோப்புக்குள்ளேயே லிப்வெப்பியும் வந்துவிடும், சர்வரில் ஆப்ட் அப்கிரேட் (லினக்ஸின் சொந்த அப்டேட்) எத்தனை முறை ஓட்டினாலும் அந்தப் பிரதி மாறாது. பில்லோ 10.0.1-லிருந்துதான் திருத்திய பிரதி இருக்கிறது. யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டாக்கர் இமேஜ்களில் (படமல்ல, செயலியைப் பொதிந்து வைக்கும் தொகுப்பு) பில்லோ 9.5 இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், குறிப்பாக வெளியாட்கள் படம் ஏற்றும் சேவை என்றால்.