காயங்கேணியில முருகைக்கல்லத் தின்னுற கடல் நத்தை: இதுவரைக்கும் பாத்தது

ஃபெஸ்டில்லா எண்டு ஒரு கடல் நத்தை. ஓடு இல்ல, முதுகு முழுக்க விரல் விரலா நிக்கும், அதுக்குப் பேர் செராட்டா. உயிரோட இருக்கிற முருகைக்கல்லத் (பவளத்த) தின்னுற சாதி. இந்த சீசன்ல அத நம்மட கடல்ல கண்ணால கண்டு எந்த இனம் எண்டு பேர் போட்டு எழுதிடணும் எண்டுதான் எனக்கு ஆசை. மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவுலயும் காயங்கேணியிலயும் ஸ்னோக்கல் போற ஆக்கள் நீலம் மஞ்சள் எண்டு வடிவான கடல் நத்தையெல்லாம் படம் எடுத்துட்டு வருவாங்க, இத மட்டும் ஒருத்தரும் காணுறல்ல, ஏனெண்டா இதுக்கெண்டு தனி நிறம் இல்ல, தின்னுற கல்லு என்ன நிறமோ அதுதான் இதுவும், போதாக்குறைக்கு பகல்ல கல்லுக்கு அடியில ஒளிச்சிட்டு ராவுலதான் வெளிய வரும்.

மாரியில நம்மட கடல் சேறாக் கிடக்கும், சித்திரை கழிஞ்சாத்தான் தண்ணி தெளியும். அதிலயும் விடியக்காலம்தான் நல்லம், பின்னேரம் காத்து எழும்பினா அடியில கிடக்கிற மண்ணெல்லாம் கிளம்பிடும். காயங்கேணி 2019ல இருந்து கடல் சரணாலயம், முருகைக்கல்ல உடைக்கவோ பிரட்டவோ ஏலாது, சரணாலயம் இல்லாட்டியும் அது செய்யக் கூடாத வேலைதான். அப்ப கல்லுக்கு அடியில இருக்கிறத கல்லத் தொடாம எப்பிடிப் பாக்கிற? என்ட வழி, சின்ன ஒலிம்பஸ் டிஜி கமராவ ஒரு கம்பியில கட்டி, ரோச் லைட்டையும் சேத்துக் கட்டி, கல்லுட விளிம்புக்குக் கீழ நீட்டி வீடியோ எடுக்கிறது, மறுகா வீட்ட வந்து லப்டொப்புல போட்டு மெதுவா ஓட்டிப் பாக்கிறது. எடுக்கிறதுல முக்கால்வாசி வெறும் மண்ணும் கடல் அட்டையும்தான்.

இதுல நான் விளங்கிக்கொண்ட முக்கியமான விசயம், நத்தையத் தேடுறத விட்டுட்டு முதல்ல கல்லப் பாக்கணும். ஃபெஸ்டில்லா கண்ட கல்லையெல்லாம் தின்னாது, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கல்லுதான் கணக்கு. லுகுப்ரிஸ், மைனர், போரிடோபேகஸ் மூண்டும் போரைட்டிஸ் கல்லுல இருக்கும். மெலனோபிராக்கியா எண்டது சூரிய முருகையில, செம்மஞ்சள் கல்லத் திண்டா செம்மஞ்சள், கறுப்புக் கல்லத் திண்டா கறுப்பு. 2020ல ஒரே வருசத்துல புதுசு புதுசாப் பேர் வச்சிட்டாங்க, மொன்டிபோராக் கல்லத் தின்னுறது சபோடியோசஸ் (மீன் தொட்டி வச்சிருக்கிற ஆக்களுக்கு இவர் பழைய எதிரி, பேர்தான் பிந்தி வந்தது), கோனியோபோராவுல கோனியோபேகா, பவோனாவுல ஃபஸ்கோஸ்ட்ரியேட்டா. அப்ப எந்தக் கல்லு எண்டு சரியாத் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. போரைட்டிஸ் எண்டா பாறை மாதிரி உருண்டு, தொட்டியளவு பெருசாக் கிடக்கும், தூரத்துல பாத்தா மெழுகின மாதிரி வழுவழுப்பு, கிட்டப் போனாத்தான் ஒரு மில்லிமீற்றர் ஒண்டரை மில்லிமீற்றர் குழியா நெருக்கி நெருக்கி இருக்கிறது தெரியும். கோனியோபோராவும் சொந்தக்காரன்தான், ஆனா அதுட பொலிப் (குழிக்குள்ள இருக்கிற சின்ன உயிர்) நீளமா வெளிய ஆடும், ஒண்டுக்கு 24 கை, போரைட்டிஸுக்கு 12.

அடுத்தது காயம். கல்லுல வெள்ளைத் திட்டைக் கண்டதும் நத்தை எண்டு குதிக்கக் கூடாது. கிளிமீன் கடிச்சா கல்லும் சேந்து சுரண்டுப்பட்டு ரெண்டு ரெண்டு கோடாப் பள்ளம் விழுந்திருக்கும். முள்முடி நட்சத்திரமீன் திண்டா திட்டு பெருசு, ஆளும் பெருசு, அவர் ஒளிச்சாலும் பிடிச்சிடலாம். ட்ரூபெல்லா ஓட்டு நத்தை எண்டா கல்லுட அடியில கும்பலா ஒட்டிக்கொண்டு இருக்கும். ஃபெஸ்டில்லா திண்ட இடத்துல சதை மட்டும்தான் போயிருக்கும், குழியெல்லாம் அப்பிடியே முழுசா, கூர் உடையாம நிக்கும். நான் சூம் பண்ணி சூம் பண்ணிப் பாக்கிறது இதத்தான். இன்னொண்டும் கவனிங்க, வெள்ளையா இருக்கிறது புதுசாத் திண்டது, அதுக்குப் பின்னால பச்சை, அதுக்கும் பின்னால பாசி ஏறி மண்ணிறம். அப்ப பழைய பக்கத்துல இருந்து புதுப் பக்கத்துக்கு ஒரு கோடு போட்டா ஆள் எந்தப் பக்கம் நகருறார் எண்டு தெரிஞ்சிடும், வெள்ளையும் உயிர்ச் சதையும் சந்திக்கிற விளிம்புலதான் அவர் நிப்பார்.

போட்டுக்கார அண்ணன் நான் ஒரே கல்லச் சுத்திச் சுத்தி வாறதப் பாத்துட்டு, "தம்பி, என்ன, மோதிரத்தக் கிதிரத்தப் போட்டுட்டியா?" எண்டு கேட்டார். நத்தை எண்டு சொன்னன். "திங்கிறதா?" எண்டார். இல்லண்ணே, கல்லத் தின்னுற நத்தை எண்டன். "கல்லத் தின்னுறதா! அந்தக் காலத்துல சுண்ணாம்புச் சூளைக்காரன்தான் கல்லத் திண்டவன்" எண்டு சிரிச்சிட்டு, அதுக்குப் பிறகு எங்க வெள்ளைத் திட்டுக் கண்டாலும் அவரே போட்ட நிப்பாட்டிக் கூப்பிடத் தொடங்கிட்டார். அவர்ட கண் என்ட கண்ண விடக் கூர்.

அவர் காட்டின ஒரு திட்டுலதான் முட்டை கிடைச்சது. கல்லுட பக்கவாட்டுல, ஒள்ளுப்பம் உள்ளுக்கு வளைஞ்ச இடம், திண்டு முடிச்ச வெறுங்கல்லுல சுருட்டி வச்ச வெள்ளை நாடா. முட்டை இருந்தா ஆள் தூரத்துல இல்ல. கம்பிய இன்னும் உள்ளுக்கு விட்டு எடுத்த வீடியோவுல, நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தா, கல்லு எண்டு நினைச்ச விளிம்பு அசையுது. செராட்டா எல்லாம் வெளிறின மண்ணிறம், நுனி கூரா இல்ல, முடிச்சு முடிச்சா வீங்கி, பொலிப் சுருங்கினா எப்பிடியோ அப்பிடியே. தலையில ரெண்டு கொம்பு, வளையம் ஒண்டும் இல்லாம வழுவழுப்பா. ஸ்கேல் கொண்டுபோக ஏலாத இடம், அதனால பக்கத்துல இருக்கிற குழியளையே அடிமட்டமா வச்சு எண்ணினன், எப்பிடிப் பாத்தாலும் ரெண்டு சென்ரிமீற்றருக்கு மேல வருது.

இனி பேர். மைனர் பெருசா வளந்தாலும் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான், அதனால அது இல்ல. லுகுப்ரிஸ் நாலு சென்ரிமீற்றர் வரைக்கும் போகும். போரிடோபேகஸ் கிழக்கு ஆப்பிரிக்காவுல எடுத்து 1979ல ரட்மன் எழுதினது, அதுவும் இந்து சமுத்திரம்தான் எண்டதால அத ஒரேயடியாத் தள்ளிவிட எனக்கு மனம் வரல்ல. நாக்குப் பல்லப் பாக்கணும், இல்லாட்டி டிஎன்ஏ பாக்கணும், ரெண்டுக்கும் ஆளப் பிடிச்சு எடுக்கணும், எனக்கு அதுக்கு அனுமதியும் இல்ல ஆசையும் இல்ல. அதனால என்ட கொப்பியில ஃபெஸ்டில்லா சிஎஃப் லுகுப்ரிஸ் எண்டு எழுதியிருக்கு, சிஎஃப் எண்டா அது மாதிரி இருக்கு, ஆனா உறுதி இல்ல எண்டு அர்த்தம். படத்த மட்டும் வச்சு இதுக்கு மேல சொல்லுறவர நான் நம்புறல்ல. ஹவாய் ஆராய்ச்சியள வாசிக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லணும், அங்க சிபோகே எண்ட பேர் வரும், அது லுகுப்ரிஸ்தான் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்காங்க, வேற எண்டு வச்சிருக்கிற ஆக்களும் இருக்காங்க, ரெண்டு பேரையும் போட்டுத் தேடுங்க.

இது இவ்வளவு கஷ்டப்பட்டு ஒளிக்கிறதுக்கும் காரணம் இருக்கு. இந்தக் குடும்பத்துல கன நத்தையள், திண்ட பிராணிட கொட்டுற செல்ல செராட்டா நுனியில ஒரு பையில சேத்து வச்சு ஆயுதமாப் பாவிக்கும். ஃபெஸ்டில்லாவுக்கு அந்தப் பை இல்ல. மீனும் நண்டும் கண்டா விடாது, ஹவாயில அதச் சோதிச்சு 1997ல எழுதியிருக்காங்க, அதுகள் தின்னுறதாலதான் கடல்ல இதுட தொகை ஏறாம நிக்குது. தொட்டியில அந்த மீனும் நண்டும் இல்லாட்டி ஒரு போரைட்டிஸ் கல்லையே மொட்டையாக்கிடும். எனக்குப் பிடிச்ச விசயம் லார்வாதான், தண்ணியில மிதந்து வாறது, போரைட்டிஸ்ல இருந்து கரைஞ்சு வாற ஏதோ ஒரு பொருள் பட்டதும் நீந்துறத நிப்பாட்டிட்டு அப்பிடியே கல்லுல விழும். கண்ணால தேடாமலே வீட்ட வந்து சேர்றான் பாருங்க.

ஐநேச்சுரலிஸ்டுல (உயிரினப் படம் போட்டுப் பேர் கேக்கிற தளம்) போட்டா அந்த தானியங்கி வேற நத்தையளிட பேரையும் காட்டக்கூடும், அத அப்பிடியே எடுக்காதீங்க. போடேக்க கல்லுட படம் ஒண்டு தனியா, காயத்துட விளிம்பு ஒண்டு, முட்டை ஒண்டு எண்டு சேத்துப் போடுங்க, நத்தைய மட்டும் போட்டா தெரிஞ்ச ஆளாலயும் ஒண்டும் சொல்ல ஏலாது.

அடுத்து மெலனோபிராக்கியா. சூரிய முருகை ஆழத்துக் கப்பலுகள்ல கிடக்கும், ஆனா 1942ல தாண்ட ஹேர்மிஸ் எண்ட போர்க்கப்பல் 50 மீற்றருக்கும் கீழ, அது நம்மட வேலை இல்ல. வெயில் படாத பாறைக் குடைவுகள்ல ஆழம் குறைஞ்ச இடத்துலயும் வளரும், அப்பிடி ரெண்டொரு இடம் அண்ணன் சொல்லியிருக்கார், காத்து அடங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கன்.