பாத் நகரத்துக் கல்வீடுகள்: கறை ஓரிடம், கசிவு வேறிடம்

இங்கிலாந்தின் பாத் நகரில் ராயல் கிரசெண்ட் முன்னால் நின்றால் பிறைபோல் வளைந்த ஒரே அரண்மனை மாதிரித் தெரியும். உண்மையில் அது 30 வீடுகள். 1767இல் கட்டத் தொடங்கினார்கள். கட்டடக் கலைஞர் இளைய ஜான் உட் வகுத்த முகப்பில் ஆளுக்கொரு நீளத்தை வாங்கியவர்கள், அதன் பின்னால் தத்தம் விருப்பப்படி வீடு கட்டிக்கொண்டார்கள். பின்பக்கம் போனால் ஒரு வீட்டுக் கூரை இன்னொன்றோடு ஒட்டாது. அதனால் இந்த ஊர் வீடுகளைப் பின்னாலிருந்தும் மேலிருந்தும் பார்க்கத் தொடங்குவதே, பழைய கல்வீடுகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் எங்கள் தொழிலில் நல்லது.

அழகான முகப்பில் மழைநீர்க் குழாய் தொங்கக் கூடாது என்பது அந்தக் காலத்து ரசனை. எனவே பல வீடுகளில் முன்பக்கக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீரை, ஈயத்தகடு போர்த்திய மரத் தொட்டி ஒன்று பரண் வழியாகவே பின்பக்கத்துக்குக் கொண்டுபோகிறது. வீட்டின் வயிற்றுக்குள் ஒரு வாய்க்கால்! ஈயத்தை நீளமாக ஒரே தகடாக விரித்திருந்தால் வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, நாளடைவில் கீறிவிடும். சிறு துண்டுகளாக, படிப்படியாக இறக்கிப் போட வேண்டும். போக்கு வாயில் இலை அடைத்தாலும் இதே கதைதான். கறை நடு அறையின் கூரையில் தெரியும். குளியலறைக் குழாய்மேல் பழி விழும். பரணில் ஏறி, சுவருக்குள் நுழையும் உத்திரமுனைகளைக் குத்தூசியால் குத்திப் பார்த்தால் சங்கதி வெளிப்படும். நல்ல மரத்தில் ஊசி இறங்காது.

அடுத்த எதிரி சிமெண்ட். பாத் கல் நுண்துளைகள் நிறைந்த, மிருதுவான சுண்ணாம்புக்கல். சுவரில் ஏறிய ஈரம் இணைப்புச் சாந்து வழியாக வெளியேற வேண்டும். அங்கே சிமெண்ட் பூசினால் ஈரம் கல் வழியாகவே வெளியேறும். உப்பு படிகமாகி, கல்லின் முகம் பொடியும். கல் தேய்ந்து சிமெண்ட் கோடு மட்டும் துருத்தி நிற்கும் சுவரை இந்த ஊரில் எங்கும் பார்க்கலாம். கல்லை அதன் படுகை (இயற்கையாகப் படிந்த அடுக்கு) செங்குத்தாக, முகத்தைப் பார்த்து இருக்கும்படி வைத்திருந்தால் ஏடு ஏடாகவே உரியும். கல்லுக்குள் புதைத்த இரும்புப் பிடிகள் துருப்பிடித்துப் பருத்தும் கல்லைப் பிளக்கும். அவற்றின் இடத்தில் துருப்பிடிக்காத எஃகு வைக்கிறோம்.

இணைப்புகள் சில மில்லிமீட்டர்தான். அரைவை இயந்திரம் பட்டால் கல்லின் விளிம்பு போய்விடும். ரம்பத் தகட்டால் கையாலேயே சுமார் 25 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, நனைத்து, நீற்றிய சுண்ணாம்புக் களியோடு நுண்ணிய கல்தூள் சேர்த்து அழுத்தி நிரப்ப வேண்டும். பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாகக் காய விட வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் சாந்து இறுகாது. அதற்குள் உறைபனி பிடித்தால் உதிர்ந்துவிடும். நவம்பரில் சாரம் கட்டித் தருகிறேன் என்று வருகிற ஒப்பந்தக்காரரை வசந்தத்தில் வரச் சொல்லி அனுப்பிவிடுவோம்.