தரங்கம்பாடிக்குக் கொண்டுபோன மொட்டைக் கடிதம்

தரங்கம்பாடிக்குப் போனபோது என் வேதாகமத்துக்குள் ஒரு மொட்டைக் கடிதத்தின் ஜெராக்ஸ் இருந்தது. யாரோ மேலிடத்துக்கு எழுதிவிட்டு எனக்கும் ஒரு நகலைத் தபாலில் போட்டிருந்தார்கள். புகார் சபையின் போதகரான என்மேல்தான்: ஐயர் கமிட்டியைக் கலந்துகொள்வதில்லை, அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்ட கணக்கைச் சபையில் வாசிக்கவில்லை, பிரசங்கம் நாற்பது நிமிடத்துக்குக் குறைவதில்லை. மூன்றாவது மட்டும் உண்மை.

"கிழிச்சுப் போட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி. கிழிக்கவில்லை. இருபது வருட ஊழியத்துக்குப் பிறகும் ஒற்றைத் தாள் இப்படித் தூக்கத்தைக் கெடுக்கும் என்று நான் நினைத்ததில்லை. எழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற வேலையையும் ஒரு வாரம் செய்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசி. மயிலாடுதுறையில் ரயிலை விட்டிறங்கி பஸ் பிடித்தோம். தரங்கம்பாடியில் இறங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள், காவி உடையும் மாதா சுரூபம் வைத்த சின்னத் தேருமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கால்களில் கொப்புளம், வாயில் பாட்டு. எங்கள் புராட்டஸ்டண்ட் வழக்கத்தில் இப்படி நேர்ந்துகொண்டு நடப்பது கிடையாது. கல்லறைக்குப் போனாலும் "சரித்திரம் பார்க்க" என்றுதான் சொல்லிக்கொள்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போனேன்.

1792-இல் கட்டிய நகர வாசலைத் தாண்டினால் ராஜா வீதி. அகலமான, சத்தமில்லாத தெரு. கொஞ்ச தூரத்தில் புதிய எருசலேம் ஆலயம், முகப்பில், அந்தக் காலத்தில் இந்த ஊரை ஆண்ட டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக்கின் முத்திரையோடு நிற்கிறது. 1718 அக்டோபரில் பிரதிஷ்டை ஆனது. உள்ளே கூட்டிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு, "பலிபீடத்துக்குக் கிட்டப் போய்ப் பாருங்க" என்றார். அங்கேதான் இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்கு ஐயரின் கல்லறை. 1719 பிப்ரவரி 23-இல் காலமானார். தான் எழுப்பிய ஆலயத்தில் ஐந்து மாதம்கூட அவர் முழுதாக ஆராதிக்கவில்லை. வயது முப்பத்தாறு. நான் அந்த வயதில் இரண்டாவது சேகரத்துக்கு, அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் விடும் வேறொரு சபைத் தொகுதிக்கு, மாறுதல் வாங்க நடையாய் நடந்துகொண்டிருந்தேன்.

அவரைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் நான் எத்தனையோ தடவை கதை சொல்லியிருக்கிறேன். 1706 ஜூலை 9-இல் புளுட்சோ என்ற தோழரோடு கரை இறங்கியது, டேனிஷ் ஆளுநர் ஹாசியஸ் அவர்களை வெயிலில் காக்க வைத்தது, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகியது. பல்கலைக்கழகத்தில் படித்த ஜெர்மானியர், பெரிய உருவத்தைச் சுருக்கிக்கொண்டு பொடியன்களுக்குப் பக்கத்தில்! பிள்ளைகள் இந்த இடத்தில் எப்போதும் சிரிக்கும். அப்புறம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாகிக் காகிதத்தைத் தின்றதும், இங்கிலாந்திலிருந்து சீஸ் வந்த ஈயப் பெட்டிகளை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்ததும், 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததும். சீஸ் கதைக்குப் பெரியவர்களும் சிரிப்பார்கள்.

நான் சொல்லாமல் தாண்டிவிடுகிற பகுதி ஒன்று உண்டு. கல்லறைக்குப் பக்கத்தில் நின்றபோது அதுதான் நினைவுக்கு வந்தது. கடிதம் மடியில் இருந்ததால்தான் வந்தது, வேறு புண்ணியம் எதுவும் இல்லை.

சீகன்பால்கு ஐயர் எளிதான மனிதர் இல்லை. முன்கோபி. ஒரு விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசப் போய் ஹாசியஸோடு முட்டிக்கொண்டார். 1708 கடைசியில் பிடித்து இந்த ஊர் டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார்கள், நாலு மாதம். அந்தச் சிறை அவரை உடைக்கவில்லை. உடைத்தது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருந்து வந்த கடிதம். அங்கே மிஷன் சங்கத்தின் செயலர் கிறிஸ்டியன் வெண்ட், பக்தியுள்ள மனிதர். அப்போஸ்தலர்கள் கையில் ஒன்றுமில்லாமல் நடந்து போய்ச் சுவிசேஷம் சொன்னார்கள், உங்களுக்குக் கட்டடமும் பள்ளிக்கூடமும் செலவும் எதற்கு என்பது அவர் கேள்வி. அவர் இந்தியாவைப் பார்த்தவர் இல்லை. கப்பலில் ஏழெட்டு மாதம் பயணம் செய்து வந்த அந்தக் கண்டிப்பு, வயிற்று நோயோடு கிடந்த மனிதரின் கையில் விழுந்தது. அதன் பிறகு அவர் எழுந்து நடமாடியது கொஞ்ச காலம்தான். பழைய ஏற்பாடு ரூத் வரைக்கும் வந்திருந்தது, அதோடு நின்றது. கூட ஊழியம் செய்த கிரண்ட்லரும் அடுத்த வருடமே போய்விட்டார். அவரையும் இதே ஆலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.

முழங்காலில் நின்று, "ஆண்டவரே, உம்முடைய ஊழியக்காரனுக்கே இப்படியென்றால் நான் எம்மாத்திரம்" என்று ஜெபிக்கத் தொடங்கினேன். நல்ல ஜெபம். நானும் சீகன்பால்கு ஐயரும் ஒரே வரிசையில் நிற்கிற மாதிரி அழகாக அமைந்துவிட்டது. பாதியில் என் மனைவி, மெதுவாகத்தான், கேட்டாள்:

"நம்ம உபதேசியாருக்கு நீங்க ஒரு லெட்டர் எழுதுனீங்களே, பதில் வந்துச்சா?"

ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.

எங்கள் சேகரத்தின் கிளைச் சபை ஒன்றை எனக்குக் கீழே கவனித்துக்கொள்ளும் உபதேசியார் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மைக் செட் வாடகை, பிள்ளைகளுக்கு மத்தியானம் சாம்பார் சாதம், பரிசுக்கு டிபன் பாக்ஸ் என்று அனுமதித்ததைவிட நாலாயிரத்துச் சொச்சம் கூடச் செலவு செய்துவிட்டார். நான் குடியிருக்கும் குருமனையில் உட்கார்ந்து லெட்டர்பேடில் எழுதினேன். சபைப் பணம் பரிசுத்தமானது, ஆடம்பரம் ஊழியத்துக்கு அழகல்ல, ரசீதுகளோடு பதினைந்து நாளில் நேரில் வரவும். ஒரு வசனத்தையும் சேர்த்திருந்தேன். அந்த ஊர் பதினோரு கிலோமீட்டர். அந்தப் பதினைந்து நாளில் ஒரு நாள்கூட நான் அங்கே போகவில்லை. வெண்டுக்காவது குறுக்கே கடல் இருந்தது.

வெளியே வந்து கோட்டையைப் பார்த்தோம், கடற்கரைக்கு நடந்தோம். ஐயர் இறங்கிய இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில், பதினாலாம் நூற்றாண்டில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமியில் இந்த ஊர் பட்ட பாட்டை, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். அரைமணி நேரம் சொன்னார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மணல் ஈரமாக இருந்தது. குனிந்து விரலால் அ எழுதிப் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மொட்டைக் கடிதத்தைக் கிழித்துக் கடலில் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஏலக் கணக்கை நான் எழுதி வைத்திருந்தது உண்மை. சபையில் வாசித்தேனா? ஞாபகப்படுத்திப் பார்த்தால் அன்று மழை வந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன். அப்படியானால் இரண்டாவதும் உண்மை. மடித்து வேதாகமத்துக்குள்ளேயே வைத்தேன்.

பொறையாறு பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது உபதேசியாருக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். நான் சுகம் விசாரிப்பதற்குள் அவரே தொடங்கினார்.

"ஐயா, தோத்திரம்யா. கணக்கு நோட்டு எழுதி முடிச்சிட்டேன்யா. மைக் செட்காரர் ரசீது மட்டும் தரல. மிச்சத்த நாளைக்கே கொண்டாந்து தந்துருதேன்யா."

"அது கிடக்கட்டும்" என்றேன். "மே மாசம் பிள்ளைகள் எத்தனை பேர் வந்தாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எந்தக் கணக்குக்குய்யா கேக்கீய?" என்றார்.