இறங்கத் தெரியாத மரமேறி

எங்கள் தாத்தா பனையேறி. காலில் தளைநார் மாட்டி, மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவார். ஏறிய வழியிலேயே இறங்குவார். கடந்த ஏப்ரலில் உத்தராகண்டின் குமாவுன் மலையில் உள்ள முக்தேஷ்வருக்குப் போயிருந்தபோது, ஒரு தேவதாரு மரத்தில் அவர் நினைவு வந்தது. மரமேறி (ட்ரீகிரீப்பர்) என்னும் சின்னஞ்சிறு குருவி ஒன்று அதே கருத்தோடு ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அது இறங்கவே இல்லை.

நாங்கள் போனது நந்தாதேவி சிகரத்தைப் பார்க்க. முதல் இரண்டு நாளும் மலை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. சும்மா இருப்பானேன் என்று வழிகாட்டிப் பையன் ஒருவனுடன் காட்டுக்குள் போனேன். "அதோ, அதோ" என்று விரல் நீட்டினான். நான் கண்டதெல்லாம் மரப்பட்டை. குருவியின் முதுகும் அதே பழுப்பு, அதே வெள்ளைத் தீற்றல். பைனாகுலரைத் திருகிச் சரிசெய்வதற்குள் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். கழுத்து வலிதான் மிச்சம்.

பிறகு அவன் ஒரு சூட்சுமம் சொன்னான்: உச்சியைப் பார்க்காதீர்கள், அடுத்த மரத்தின் அடியைப் பாருங்கள். அப்படியே நடந்தது. ஒரு மரத்தில் சுற்றிச் சுற்றி ஏறி மேலே போனதும், சருகு விழுவதைப் போலச் சரிந்து பறந்து பக்கத்து மரத்தின் தூரில் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் முதலிலிருந்து ஏற்றம். அதே காட்டில் வேறொரு குருவி, நட்ஹேட்ச் என்பார்களே, அது தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. நம் ஆளுக்கு அந்த வித்தை கைவரவில்லை.

காரணம் வாலில் இருக்கிறது. மரங்கொத்தியைப் போல விறைத்த வால் இறகுகள். மரத்தில் ஊன்றி அதன்மேல் உடம்பைச் சாய்த்துக்கொள்கிறது. தாத்தாவுக்குத் தளைநார் செய்த வேலையை இதற்கு வால் செய்கிறது. தலைகீழாகத் திரும்பினால் அந்த ஊன்றுகோல் எதற்கும் உதவாது. இத்தனைக்கும் இந்தக் குருவி மரங்கொத்திக்கு நெருங்கிய உறவும் இல்லை. இரண்டுக்கும் தொழில் மரமேறுவது, அதனால் ஒரே கருவி. மரமேறிகள் இறகு உதிர்க்கும்போது வாலின் நடு இறகுகள் இரண்டும் மற்றவை முளைத்த பிறகே விழும் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புதுக் கயிறு கட்டாமல் பழையதை அவிழ்க்காத முன்யோசனை!

மூன்றாம் நாள் பத்தடி தூரத்தில் கிடைத்தது. அலகு, சாக்குத் தைக்கும் கோணி ஊசியேதான்: மெல்லியது, வளைந்தது. மரத்தைக் கொத்தும் வலு அதற்குக் கிடையாது. பட்டை வெடிப்பில் நுழைத்து, தலையைச் சற்றே சாய்த்து, ஒரு சிலந்தியை உருவி எடுத்தது. வாலில் குறுக்குக் குறுக்காகக் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. இமயத்தின் மற்ற மரமேறிகளுக்கு இந்தக் கோடுகள் கிடையாது. ஆகவே இது சந்தேகமில்லாமல் 'செர்த்தியா ஹிமாலயானா', விகோர்ஸ் என்ற விலங்கியலாளர் 1832இல் இந்த அறிவியல் பெயரைச் சூட்டிய பறவை. கோடில்லாத மற்றவற்றைப் பிரித்தறிவது எனக்கு ஆகாத காரியம். அங்கெல்லாம் கண்ணைவிடக் காது முக்கியம், பாட்டை வைத்துத்தான் பல நேரம் முடிவு கட்டுகிறார்கள்.

சற்று நேரத்தில் அலகில் ஒரு சிற்றிறகோடு வந்தது. பட்டுப்போன மரம் ஒன்றில் பட்டை பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் தண்டுக்கும் நடுவில், என் சுண்டுவிரல்கூடப் போகுமா என்ற இடுக்கில், நுழைந்து மறைந்தது. கூடு அங்கேதான். விறகுக்கென்று காய்ந்த மரங்களை முதலில் வெட்டுகிறவர்கள் இந்த வாசலையும் சேர்த்தே வெட்டுகிறார்கள்.

நாங்கள் கிளம்பும் காலையில் மேகம் விலகிவிட்டது. "நந்தாதேவி தெரிகிறது, சீக்கிரம் வாருங்கள்" என்று மனைவி மேட்டிலிருந்து கூப்பிட்டாள். "ஒரு நிமிடம்" என்றேன். அது அப்போதுதான் ஆறாவது மரத்தின் அடிக்கு வந்து சேர்ந்திருந்தது.