எந்த போர்ட்டில் செருகினாலும் ஒரே இடம்: பென் டிரைவ் மவுண்ட் செய்து பார்த்த அனுபவம்

என் மேசைக் கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. குடும்பப் புகைப்படங்கள் அனைத்தும் அதன் உள் வட்டில் இருக்கின்றன. அவற்றின் நகலை ஒவ்வோர் இரவும் 11 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு நிரல் ஒரு 128 ஜிபி பென் டிரைவில் எழுதிவைக்கும்படி, ரூட் என்ற முழு அதிகாரமுள்ள பயனரின் கிரான் பட்டியலில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) ஒரு சிறிய ஸ்கிரிப்டைச் சேர்த்திருந்தேன். சென்ற மாதம் உள் வட்டு நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்தபோதுதான் பென் டிரைவைத் திறந்து பார்த்தேன். அதில் கடைசியாகச் சேர்ந்த படம் மூன்று வாரங்களுக்கு முந்தையது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை பிடித்தது. பென் டிரைவைச் செருகியதும் யூடிஸ்க்ஸ் என்ற பின்னணிச் சேவை அதன் லேபிளை (டிரைவுக்கு வைத்த பெயரை) படித்து, மீடியா கோப்புறைக்குள் என் பயனர் பெயரின் கீழ், அந்த லேபிளின் பெயரிலேயே ஒரு கோப்புறையை உண்டாக்கி அங்கே மவுண்ட் செய்கிறது, அதாவது டிரைவில் உள்ளவற்றை அந்தக் கோப்புறை வழியாகத் திறந்துவைக்கிறது. கழற்றும்போது அந்தக் கோப்புறையை நீக்கிவிடுகிறது. ஓர் இரவு பென் டிரைவ் கணினியில் இல்லை. ரூட் அதிகாரத்தோடு ஓடிய ஆர்சிங்க், இலக்குக் கோப்புறை இல்லாததால் அதைத் தானே உருவாக்கி, மொத்தப் படங்களையும் உள் வட்டிலேயே இன்னொரு முறை எழுதிவைத்தது. மறுநாள் பென் டிரைவைச் செருகியபோது, அதன் லேபிளான ஃபோட்டோஸ் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்புறை இருப்பதைக் கண்ட யூடிஸ்க்ஸ், பெயரின் இறுதியில் ஓர் எண்ணைச் சேர்த்து ஃபோட்டோஸ்1 என்ற இடத்தில் அதை மவுண்ட் செய்தது. அன்று முதல் ஸ்கிரிப்ட் பழைய பெயரை நம்பிப் போலிக் கோப்புறையில் எழுதிக்கொண்டே இருந்தது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அந்த மூன்று வாரங்களில் உள் வட்டு பழுதாகியிருந்தால் அவ்வளவு படங்களும் போயிருக்கும் என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் பதறுகிறது.

முதல் வாரத்தில் செய்த முயற்சி தவறானது. பென் டிரைவ் எஸ்டிபி1 என்ற பெயரில் தெரிந்ததால், எந்த டிரைவ் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயரையே எழுதிவிட்டேன். இரண்டு நாள் சரியாக இருந்தது. மூன்றாம் நாள், பாடல்கள் உள்ள மற்றொரு பென் டிரைவ் முன்பக்க போர்ட்டில் இருக்கும்போதே கணினியைத் தொடங்கினேன். அன்று அதுவே எஸ்டிபி ஆகிவிட்டது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் இந்தப் பெயர்களைக் கருவிகளைக் கண்டறியும் வரிசையில் வழங்குகிறதே தவிர, எந்தக் கருவி எது என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ஆகவே பென் டிரைவுக்குள்ளேயே எழுதப்பட்டுள்ள அடையாளத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். லேபிள் அல்லது யூயூஐடி (டிரைவுக்குத் தானாகக் கிடைக்கும் தனி அடையாளக் குறி) என்று இரண்டு வழிகள் உண்டு. தமிழில் பெயர் வைக்கும் ஆசையால் முதலில் லேபிளை முயன்றேன். ஆனால் அந்த பென் டிரைவில் உள்ள இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் (கோப்புகளை டிரைவில் அடுக்கிவைக்கும் முறை) லேபிளுக்கு 16 பைட் மட்டுமே இடம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். "படங்கள்" என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள், அதாவது 21 பைட். பெயர் "படங்க" என்பதோடு வெட்டுப்பட்டு நின்றது. "படம்" என்று வைத்தால் 12 பைட்டில் அடங்கும். ஆனாலும் நாளை வேறொரு பென் டிரைவுக்கும் அதே லேபிளை யாராவது வைத்துவிடலாம் என்பதால் யூயூஐடியையே தேர்ந்தெடுத்தேன். எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் விருப்பத்தோடு ஓட்டினால் அது தெரியும். இஎக்ஸ்டி4 டிரைவுக்கு இடைக்கோடுகளோடு 36 எழுத்துகள் கொண்ட நீண்ட அடையாளம் காட்டப்படும். ஃபேட்32 என்ற வேறொரு கோப்பு முறைமை உள்ள டிரைவுக்கோ நான்கு நான்காக 8 எழுத்துகள் மட்டுமே. இரண்டும் ஃபார்மேட் செய்யும்போது உருவாகின்றன, மீண்டும் ஃபார்மேட் செய்தால் மாறிவிடும்.

யூயூஐடியோடு புதிய வரியை எழுதிவிட்டு, பென் டிரைவ் இல்லாமல் கணினியைத் தொடங்கிப் பார்த்தேன். கருந்திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக நகர, கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்த டிரைவுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்தது. பிறகு அவசர நிலைக்குச் சென்று ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது. எஃப்எஸ்டேபில் உள்ள எதுவும் கட்டாயமானது என்றே அது எடுத்துக்கொள்கிறது. கழற்றி மாட்டும் எந்த டிரைவுக்கும் நோஃபெயில் (டிரைவ் இல்லாவிட்டாலும் தொடரலாம்) என்ற சொல்லைச் சேர்க்காமல் விடக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

இரண்டாம் வாரத்தில் ஆட்டோமவுண்ட் விருப்பத்தைச் சேர்த்தேன். இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இதுதான். மவுண்ட் இடத்தை மீடியாவிலிருந்து எம்என்டி கோப்புறைக்குள் "படங்கள்" என்ற பெயருக்கு மாற்றினேன். கோப்புறைப் பெயருக்கு அந்த 16 பைட் வரம்பு கிடையாது. யாராவது அந்தக் கோப்புறையைத் தொடும்போதுதான் சிஸ்டம்டி டிரைவைத் தேடி மவுண்ட் செய்கிறது. டிரைவ் இல்லையென்றால், நான் குறித்த 5 நொடிகள் காத்திருந்துவிட்டு, கருவி இல்லை என்ற பிழையைத் தருகிறது. வெற்றுக் கோப்புறையில் எழுத அனுமதிப்பதில்லை. என் படங்களை மூன்று வாரம் ஏமாற்றிய வழி இதனால் அடைபட்டது. எஃப்எஸ்டேபைத் திருத்தியபின் அமைப்புகளை மீண்டும் படிக்கச் சொல்லும் டெமன்-ரீலோட் கட்டளையை சிஸ்டம்டியிடம் கொடுக்க வேண்டும். நான் அதை மறந்து ஒரு மணி நேரத்தை இழந்தேன். சிஸ்டம்டியின் பட்டியலில் "படங்கள்" என்ற பெயர் 21 பதினறும எண்களாக நீண்டு தெரிகிறது, ஆனால் வேலை தடைபடவில்லை.

பாடல்கள் உள்ள டிரைவ் ஃபேட்32 என்பதால் அதில் வேறு சிக்கல். அந்த முறைமையில் உரிமையாளர் என்ற பதிவே கிடையாது. எஃப்எஸ்டேப் வழியாக மவுண்ட் ஆனபோது எல்லாக் கோப்புகளும் ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரிந்தன. யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டுக்கும் 1000 என்று குறித்ததும் சரியாயிற்று. இதே விருப்பங்களை இஎக்ஸ்டி4 வரியில் எழுதினால் மவுண்ட் ஆகாது.

மூன்றாம் வாரத்தில் படங்கள் டிரைவை அப்படியே டிடி கட்டளையால் ஒரு 256 ஜிபி டிரைவுக்கு நகலெடுத்தேன். இரண்டுக்கும் யூயூஐடி ஒன்றாகிவிட்டதால், இரண்டையும் செருகியபோது எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியவில்லை. நகலை மவுண்ட் நீக்கி, சோதித்து, டியூன்2எஃப்எஸ் கட்டளையைக் கொண்டு புதிய யூயூஐடி கொடுத்தேன்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இப்போது இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன. முதல் வரி கோப்புறையைத் தொட்டு மவுண்ட் செய்யவைக்கிறது. அடுத்தது, உள்ளே பென் டிரைவில் மட்டும் நான் வைத்திருக்கும் ஓர் அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஆர்சிங்கை ஓட்டாமல் பதிவேட்டில் எழுதிவிட்டு வெளியேறுகிறது. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் நான்கு என ஆறு போர்ட்டுகளிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் மவுண்ட் ஆனது. நேற்று இரவு வேண்டுமென்றே டிரைவைக் கழற்றி வைத்தேன். காலையில் பதிவேட்டில் 11 மணிக்கு "டிரைவ் இல்லை" என்ற ஒரு வரி இருந்தது. உள் வட்டில் எதுவும் கூடுதலாக எழுதப்படவில்லை.