மே மாதச் சோப்புகள்

மே 4, 2024, சனி

இன்று கத்திரி ஆரம்பம். லீவுக்கு வந்திருக்கும் அக்கா பிள்ளைகள் இருவரும் என் மகளும் வீட்டை ரெண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பாரிமுனைக்கு ஒரு வேலையாகப் போனவள், கிளிசரின் சோப் பேஸ் ஒரு கிலோ வாங்கி வந்தேன். எண்ணெயில் காஸ்டிக் சோடா கலந்து செய்கிற சோப்பென்றால் பிள்ளைகளைக் கிட்டவே விட மாட்டேன். காஸ்டிக் பட்டால் தோல் வெந்துவிடும். இந்தக் கட்டியில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். உருக்கி ஊற்றினால் சரி.

அச்சுக்கு அம்மாவிடம் கொழுக்கட்டை அச்சைக் கேட்டேன். "பிள்ளையாருக்குன்னு வச்சிருக்கறதுல சோப்பு ஊத்துவியா?" சிலிக்கான் ஐஸ் ட்ரேதான் கிடைத்தது.

மே 5, ஞாயிறு

கட்டியைச் சின்னவன் வெண்ணெய்க் கத்தியால் பன்னீர்த் துண்டு போல நறுக்கினான். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். நேரடியாக அடுப்பில் வைத்தால் பொங்கி, தீய்ந்த வாடை வந்துவிடும்.

சிவப்புக்கு மேல் வெள்ளை ஊற்ற வேண்டும் என்றாள் பெரியவள். முதல் அடுக்கு ஆற ஆற, பாலில் ஏடு படிவது போல மேலே மெல்லிய தோல் கட்டியது. விரலால் தொட்டால் அழுந்த வேண்டும், கிழியக் கூடாது. மகள் பொறுக்காமல் முன்னாலேயே ஊற்ற, இரண்டும் கலந்து ரோஸ்மில்க். பெரியவள் அதிகமாகவே காத்திருந்தாள். அவளுடைய அடுக்குகள் ஒட்டவே இல்லை, கழற்றும்போது தனித்தனியாக வந்தன. அடுப்பை அணைத்துவிட்டு, அடுத்ததில் முதல் அடுக்கின் மேல், எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை லேசாகத் தெளித்தேன். அடுக்கும் ஒட்டியது, மேலே மிதந்த குமிழிகளும் பட்பட்டென்று உடைந்தன. அதைப் பார்க்கத்தான் மூவருக்குள்ளும் அடிதடி.

"சித்தி, என் டைனோசரையும் உள்ள போடுங்க." போட்டாயிற்று.

மே 9, வியாழன்

மகள் பன்னீர் ரோஜா இதழ்களைப் பதித்த சோப்பு, ஊறவைத்த டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. ஈர இதழ் நிறம் நிற்காது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சிவப்பும் வெள்ளைக்குள் இறங்கத் தொடங்கியிருக்கிறது. கேசரிக்குப் போடும் கலரைச் சேர்த்தது என் கஞ்சத்தனம். மைக்கா என்கிற, கரையாத மினுமினுப்புப் பொடி வாங்கியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

மஞ்சள்தூள் போட்டது காவியாகிவிட்டது. பிள்ளைகள் விழித்தார்கள். அம்மா பேசாமல் ஒரு தட்டில் மஞ்சளைக் கரைத்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்து துளி சுண்ணாம்பு போட்டார். தண்ணீர் சிவந்தது. "ஆரத்தி!" என்றாள் பெரியவள். சோப்பிலும் காரம் இருக்கிறதல்லவா, அதே சங்கதிதான்.

மே 11, சனி

சோப்புகளுக்கு வியர்க்கிறது! கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னையில் கேட்கவா வேண்டும். துடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினோம். நுரைபீர்க்கங்கூட்டை வில்லைகளாக வெட்டி அதற்குள் ஊற்றியவை மட்டும் நன்றாக இருக்கின்றன. தேய்க்க நாரும் கூடவே இருப்பதால் அம்மா இரண்டை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்.

மே 15, புதன்

டைனோசர் சோப்பு வந்ததிலிருந்து சின்னவன் குளிக்கச் சொன்னதும் ஓடுகிறான். அக்காவுக்கு போன் செய்து பெருமையாகச் சொன்னேன். இன்று டைனோசர் வெளியே வந்துவிட்டது. சோப்பைப் பார்த்தால் நடுவில் பெரிய குழி, ஓரமெல்லாம் புதுசு. பக்கத்தில் என் ஹேர்பின்.